வெளிச்சுவர்க் கொக்கி

எங்கள் சந்தில் ஜன்னலைத் திறப்பது அவரவர் வீட்டு விஷயம் மட்டுமில்லை. மேலப்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறி ஓடிய காலத்துச் சந்து அது. எதிரும் புதிருமாக இரண்டு ஆள் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இந்த லட்சணத்தில் எல்லா வீட்டு ஜன்னல் கதவும் வெளிப்பக்கமாகத்தான் திறக்கும். திறந்த கதவைச் சும்மா விட்டால் போகிற வருகிறவர் நெற்றி பழுத்துவிடும். அதனால் இரண்டு கதவையும் முழுக்க விரித்து, வெளிச்சுவரோடு படிய வைத்து, சுவரில் தொங்கும் இரும்புக் கொக்கியை எடுத்துக் கதவு ஓரத்து வளையத்தில் மாட்டிவிட வேண்டும். மாட்டாமல் விட்ட வீட்டுக்காரியின் பெயர் பள்ளிவாசல் வரைக்கும் அடிபடும்.

இதில் ஒரு கூத்து இருக்கிறது. கொக்கி இருப்பது வெளியே, திறக்கிற ஆள் இருப்பது உள்ளே, நடுவில் ஜன்னல் கம்பி. கம்பிக்கு இடையே முழங்கை தாண்டிக் கையை வெளியே விட்டு, கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, கண்ணால் பார்க்காமல் கை உணர்விலேயே கொக்கியைத் தேடி மாட்ட வேண்டும். நான் கடையநல்லூர்க்காரி. இதைக் கண்டுபிடித்த மகராசன் யார் என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். என் வீட்டுக்காரர் ஆரிப் சிரித்தார். நான் மாமி என்று கூப்பிடுகிற என் மாமியார் சிரிக்கவில்லை. பழகினால் வந்துவிடும் என்றார்.

எனக்கு வரவே இல்லை. மாமிக்கு அது தொழுகை மாதிரிப் பழக்கம். விடிகாலைச் சுபுஹு தொழுது முடித்த கையோடு ஜன்னலடியில் வந்து நிற்பார். தாழ்ப்பாளை எடுத்து இடது கதவைத் தள்ளுவார், வலது கதவைத் தள்ளுவார். கை வெளியே போகும். முழங்கைக்குப் பாதி வரைக்கும் பச்சைக் கண்ணாடி வளையல் போட்டிருப்பார். அது கம்பியில் உரசிச் சலசலக்கும், பிறகு கொக்கி விழும் சத்தம் கேட்கும். சந்துக்கு விடிந்துவிட்டது என்று அர்த்தம்.

என் மாமி அலிமா பீவியின் முகத்தைச் சந்து ஆம்பிளைகளில் அநேகம் பேர் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கையை எல்லோருக்கும் தெரியும். பால்காரர் எபி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும்போது அந்தக் கைக்குத்தான் வணக்கம் சொல்வார். கீரைக்காரி கீரைக்கட்டை அந்தக் கையில்தான் வைப்பாள். மதரஸாவுக்குப் போகிற பிள்ளைகளுக்கு அந்தக் கையிலிருந்துதான் பேரீச்சம்பழம் வரும். நான் மருமகளாக வந்த முதல் ரம்ஜானில், நோன்புக் கஞ்சிக் கிண்ணம் முன்பெல்லாம் எங்கள் ஜன்னலிலிருந்து எதிர் வீட்டு ஜன்னலுக்குக் கை மாறியே போய்விடும் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். இந்தக் கை நீட்டினால் அந்தக் கை வாங்கிக்கொள்ளுமாம். சந்து அவ்வளவுதான் அகலம்.

எதிர் வீடு ஷம்ஸியா மாமியுடையது. என் மாமனாரின் கூடப்பிறந்த தங்கை. வீட்டுக்காரர் மவுத்தாகிப் பத்துப் பதினோரு வருஷம் இருக்கும். ஒரே மகள் சென்னையில். தனியாக இருக்கிறவர், ஆனால் தனியாக இருக்கிற ஆளுக்கு இவ்வளவு தகவல் எப்படிப் போகிறது என்பது எனக்கு விளங்காத விஷயம். நான் டீச்சராக இருக்கிற தச்சநல்லூர்ப் பள்ளிக்கூடத்திலிருந்து எந்த பஸ்ஸில் வந்து இறங்கினேன், என் செருப்பு ஏன் சத்தம் போடுகிறது, நான் வைத்த ஆணத்தில் உப்பு ஏன் கூடிவிட்டது எல்லாம் அவருக்குத் தெரியும். தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்கிற சுபாவமும் கிடையாது. எனக்கும் அவருக்கும் ஆகாது என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம்.

போன வைகாசியில் மாமா போய்விட்டார். காஜா முகைதீன் என்றால் லுங்கி வியாபாரத்தில் நாலு பேருக்குத் தெரியும். சாயங்கால அசர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆரிப் சவூதியில் தான் வேலை பார்க்கிற தம்மாமிலிருந்து வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. நாற்பதாம் பாத்திஹா வரைக்கும் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பிறகு வீட்டில் நானும் மாமியும்தான்.

மவுத்து அன்றைக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பத்தில் ஒரு பெண்ணின் வீட்டுக்காரர் இறந்துவிட்டால், அவருடைய அக்காவோ தங்கையோ வந்து அவள் வளையலைக் கழற்றுவது வழக்கம். வெளி ஆம்பிளைகள் கண்ணில் படாமல் நாலு மாசம் பத்து நாள் வீட்டோடு இருக்கிற இத்தா முடிந்த பிறகும் அந்தக் கையில் வளையல் ஏறாது. மார்க்கத்தில் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்கிற படித்த பிள்ளைகள் எங்கள் வீட்டிலேயே உண்டு. நானும் ஒருத்தி. அன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஷம்ஸியா மாமி ஒரு கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் கரைத்துக் கொண்டுவரச் சொன்னார். உடைக்காமல், ஒவ்வொன்றாக, நனைத்து நனைத்து உருவினார். ஒன்று மட்டும் உடைந்தது. மாமி தன் கையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் ஷம்ஸியா மாமி எழுந்து போய், சந்தில் ஆம்பிளைகள் கூட்டமாக நிற்கிறார்கள் என்று ஜன்னல் கதவுகளை இழுத்துச் சாத்தினார்.

சாத்திய ஜன்னல் அதன்பிறகு திறக்கவில்லை.

முதலில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. துக்க வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். ஆனி போய் ஆடி வந்தது. எங்கள் ஊர் ஆடிக்காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மலைப் பக்கம் சாரல் விழுந்தால் இங்கே மண்ணை வாரி இறைக்கும். அந்தக் காற்று சந்துக்குள் புகுந்து சாத்தின கதவுகளைத் தடதடவென்று ஆட்டும். உள்ளே பட்டப்பகலில் டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு மாமி கட்டிலில் உட்கார்ந்திருப்பார். மாமிக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இப்போது மருந்தை உறிஞ்சுவது கூடிக்கொண்டே போனது. டாக்டரிடம் போனில் கேட்டதற்கு, அறையில் காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், இப்படியே வைத்திருந்தால் ஆஸ்பத்திரியில்தான் கொண்டுபோய்ப் போட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். சாப்பாடும் குறைந்துவிட்டது. காலையில் வைத்த இடியாப்பம் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் தட்டில் இருக்கும். மாமாவை அடக்கியாயிற்று, மாமி தன்னைத்தானே பைய அடக்கிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. பயந்துவிட்டேன்.

ஜன்னலைத் திறங்களேன் மாமி என்று எத்தனையோ தடவை சொன்னேன். இருக்கட்டும் என்பார். ஏன் என்றாலும் அதே இருக்கட்டும்தான்.

கொக்கி துருப்பிடித்து இறுகியிருக்கும், மாட்ட முடியாமல் விட்டுவிட்டார் என்று ஒரு யோசனை வந்தது எனக்கு. ஆசாரி செந்தூர்பாண்டி அண்ணாச்சியை வரச்சொன்னேன். இத்தா இருக்கிற வீட்டுக்குள் அவர் வர முடியாது. வரவும் தேவையில்லை, கொக்கிதான் வெளியே இருக்கிறதே. சந்தில் நின்றே கொக்கியைக் கழற்றித் தேய்த்து, எண்ணெய் போட்டு, தளர்ந்த ஆணியை மாற்றி அடித்துக் கொடுத்தார். இப்போது பிள்ளை விரலால் தட்டினால்கூடத் திரும்பும் என்றார். நான் உள்ளே வந்து மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். மாமி தலையை ஆட்டினார். ஜன்னல் சாத்தியேதான் கிடந்தது.

சரி, நாமே திறந்துவிடலாம் என்று ஒரு நாள் காலையில் நானே தாழ்ப்பாளை எடுத்தேன். கம்பிக்கு வெளியே கையை விட்டுக் கொக்கியை ஒருவழியாக மாட்டினேன். என் கையிலும் ரெண்டு வளையல் கிடக்கிறதே, அது கம்பியில் உரசியது. அந்த நேரம் பார்த்து எபி சைக்கிளோடு வந்தார். சத்தத்தைக் கேட்டவர் ஆளைப் பார்க்காமலே சந்தோஷமாகக் குரல் கொடுத்தார்.

“வணக்கம்மா. எத்தன நாளாச்சு. நல்லாருக்கியளா?”

அவர் பேரில் தப்பே இல்லை. வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார். நான் திரும்பி மாமியைப் பார்த்தேன். மாமி இரண்டு கையையும் வெள்ளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் நகர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வேண்டாம்ளா முஃபீதா. சாத்திரு.”

சாத்திவிட்டேன். அந்த மூஞ்சியைப் பார்த்த பிறகு என்ன செய்ய? ஆனால் எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. மாமி யாருக்கோ பயப்படுகிறார் என்று முடிவு கட்டினேன். யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாத்தியது யார்? எதிர் வீட்டிலிருந்து இருபத்து நாலு மணி நேரமும் கண்காணிப்பது யார்? இத்தாவில் இருக்கிறவள் ஜன்னல் திறக்கலாமா என்று நாளைக்கு நாலு பேரிடம் சொல்லப்போவது யார்? எல்லாம் அந்த ஷம்ஸியா மாமிதான்.

நான் சும்மா விடுகிற ஆள் இல்லை. ஆரிப்புக்குப் போன் போட்டு, பள்ளிவாசலில் தொழவைக்கிற அசரத்திடம் கேட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் தம்மாமிலிருந்து அசரத்துக்குப் பேசினார். அசரத் தெளிவாகச் சொல்லிவிட்டாராம்: இத்தாவில் அவசியமில்லாமல் வெளியே போகக் கூடாது, அலங்காரம் கூடாது. ஜன்னலுக்கும் இத்தாவுக்கும் என்ன சம்பந்தம்? சுகமில்லாதவருக்குக் காற்று வேண்டாமா? அசரத்தின் குரலைப் பதிவாகவே ஆரிப் எனக்கு அனுப்பியிருந்தார். மாமிக்குப் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். அசரத் நல்ல மனுஷன் என்றார். ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.

இதற்கு மேலும் பயப்படுகிறார் என்றால் அந்தம்மா எவ்வளவு மிரட்டி வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, போனைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எதிர் வீட்டுக்குப் போனேன். ஷம்ஸியா மாமி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. அசரத் குரலை அவர் முன்னால் ஓடவிட்டேன். ஓடி முடிந்ததும் கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். உங்கள் அண்ணன் பெண்டாட்டியைக் கொல்லப் பார்க்கிறீர்களா என்றுகூடக் கேட்டுவிட்டேன். மார்க்கத்தில் இல்லாததை எல்லாம் தலையில் ஏற்றி வைத்துவிட்டு, மூச்சு விடக்கூட உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்றேன். பள்ளிக்கூடத்தில் பின்பெஞ்சுப் பிள்ளைகளைத் திட்டுகிற குரல் எனக்கு அப்போது வந்திருக்கும்.

அவர் பதிலுக்குக் கத்துவார், நானும் கத்தலாம் என்று இருந்தேன். அவர் கத்தவில்லை. கீரைக்காம்பைக் கீழே வைத்தார்.

“நான் சாத்தச் சொன்னேன்னு யாருளா சொன்னா ஒனக்கு? அன்னைக்கு ஆம்பளைக நின்னாவ, சாத்துனேன். மறுநாள் தெறக்க வேண்டியதுதான? நானா வந்து கையப் புடிச்சேன்?”

அப்படியென்றால் ஏன் திறக்கவில்லை என்று கேட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினார். நானும் திரும்பினேன். அவர் வீட்டு ஜன்னல். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிற ஜன்னல். சாத்தியிருந்தது. கதவு இடுக்கில் ஒட்டடை படிந்து, ரெண்டு மூன்று ரம்ஜானுக்கு வெள்ளையடித்த சுண்ணாம்பு தாழ்ப்பாள்மேல் வழிந்து கட்டியாகி இருந்தது.

“இந்த வீட்டுக்கு நீ வந்து எத்தன வருசமாச்சு? ஒரு நாளாச்சும் இந்தச் சன்னல் ஏன் மாமி சாத்தியே கெடக்குன்னு கேட்டியா?”

நான் கேட்டதில்லை. அது என் கண்ணில் பட்டதே இல்லை. வந்த நாளிலிருந்து அது சாத்தியே இருந்ததால், அதை ஜன்னல் என்று நான் நினைத்ததே இல்லை, சுவரின் ஒரு பகுதி என்றே இருந்துவிட்டேன்.

“எனக்கு இத்தா முடிஞ்ச மறுநாள் காலைல தெறக்கப் போனேன். தாழ்ப்பாள எடுத்துட்டேன். கொக்கி மாட்டக் கைய வெளிய விடணும்லா. விட்டேன். எதுக்க ஒங்க மாமி கையும் வெளிய வருது, வளையலோட. நான் உள்ள இழுத்துக்கிட்டேன். அதோட சரி.”

கீரையை மறுபடி எடுத்தார். ஆனால் உருவவில்லை.

“இந்தச் சந்துக்கு நம்ம மூஞ்சி தெரியாதுளா. கைதான் தெரியும். அத இப்பிடி மொட்டையா எப்பிடி நீட்ட? ஒங்க மாமிக்கும் அதான். வேற ஒண்ணும் இல்ல. அதக் கழட்டுனவ நான்தான, எனக்குத் தெரியாதா?”

இவ்வளவு நாளும் மாமி கட்டிலில் உட்கார்ந்து கையை முந்தானைக்குள் ஒளித்தது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கொக்கிக்கு எண்ணெய் போட்டேன், அசரத்திடம் தீர்ப்பு வாங்கினேன், ஊரைக் கூட்டாத குறை. அந்தக் கையை மட்டும் நான் பார்க்கவில்லை. என் வளையலைக் கம்பியில் உரசவிட்டு, எபி அதை மாமி என்று நினைத்து வணக்கம் சொன்னபோது மாமிக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அழுகை வந்தது. ஷம்ஸியா மாமி முன்னால் அழக்கூடாது என்று நான் வைத்திருந்த வைராக்கியமெல்லாம் போயிற்று. அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். போறப்ப கீரையில பாதியக் கொண்டுபோ, ஒங்க மாமிக்குச் சூப்பு வச்சுக் குடு என்றார்.

வீட்டுக்கு வந்து மாமியிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்ன சொல்வது? கையை நீட்டுங்கள், ஒன்றும் ஆகாது என்றா? என் கையில் வளையலை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் சுபுஹுக்குப் பிறகு நான் அடுப்படியில் தேயிலைக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் கதவை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள். வாசல் கதவைத் தட்டாமல் ஜன்னலைத் தட்டுவது யார் என்று வந்து பார்த்தால், மாமி கட்டிலைவிட்டு எழுந்து ஜன்னலடியில் நின்றுகொண்டிருந்தார். வெளியே ஷம்ஸியா மாமியின் குரல்.

“மைனி, தாழ்ப்பாள எடுங்க. எடுத்துட்டு உள்ள இருந்தே தள்ளுங்க போதும். இங்கன நான் நிக்கேன், புடிச்சு மாட்டிக்கிடுதேன்.”

மாமி அசையவில்லை. நான் அடுப்படி வாசலிலேயே நின்றேன். வெளியே நிற்கிறவரும் மறுபடி கூப்பிடவில்லை. தேயிலைத் தண்ணீர் கொதித்து வழிகிற சத்தம் கேட்டது, நான் போகவில்லை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. மாமி விரல் நுனியைக் கம்பிக்கு வெளியே காட்டாமல் இடது கதவைத் தள்ளினார். அது வெளியே போனதும் ஒரு கை அதைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தது. கொக்கி விழுந்தது. வலது கதவும் அப்படியே. ஷம்ஸியா மாமியின் புர்காக் கை முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது. வெறும் கை. கொக்கி மாட்டும்போது ஏறிப்போயிற்றா, வேண்டுமென்றே ஏற்றினாரா என்று எனக்குத் தெரியாது.

வெளிச்சம் உள்ளே வந்து கட்டில் வரைக்கும் விழுந்தது. மாமி கண்ணைக் கசக்கிக்கொண்டார். ஷம்ஸியா மாமி, சாயங்காலம் சாத்த வருதேன் என்று சொல்லிவிட்டு, உப்பு குறைச்சுப் போடுன்னு ஒங்க மருமவட்ட சொல்லுங்க என்று எனக்கும் ஒன்று வைத்துவிட்டுத்தான் போனார்.

தினமும் அப்படித்தான் நடந்தது. காலையில் தட்டுவார், மாமி தள்ளுவார், அவர் மாட்டுவார். மஃரிபு பாங்குக்கு முன்னால் வந்து கொக்கியை எடுத்துக் கதவைத் திருப்பி விடுவார், மாமி உள்ளே இழுத்துக்கொள்வார். சந்தில் போகிறவர்கள் இதைப் பார்த்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. எபி மட்டும் முதல் நாள் சைக்கிளை நிறுத்தி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, வணக்கம் சொல்லலாமா வேண்டாமா என்று தெரியாமல் மணியை அடித்துவிட்டுப் போனார். மாமியின் இளைப்பு குறைந்தது. இடியாப்பத் தட்டு காலியாகத் திரும்பியது. ஜன்னலடியில் நாற்காலியைப் போட்டு உட்கார ஆரம்பித்தார். கை மட்டும் முந்தானைக்குள்ளேதான். நான் அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்கவில்லை. மூச்சு வந்ததே போதும் என்று இருந்தேன்.

ஆடி முடிகிற சமயம் ஒரு வெள்ளிக்கிழமை. காற்று அன்றைக்குப் பேய்க்காற்று. ஷம்ஸியா மாமி கதவை மாட்டிவிட்டுத் திரும்பும்போது மாமி கூப்பிட்டார்.

“ஏளா ஷம்ஸியா. தெனமும் வந்து தெறந்துட்டுப் போற. நான் யாரப் பாக்க? எதுக்க ஒன் சாத்துன சன்னல்தான தெரியுது. பத்து வருசமா அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

ஷம்ஸியா மாமி நின்ற இடத்திலேயே நின்றார். பத்து வருஷமும் மாமி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காமல் தினமும் அந்தச் சாத்திய ஜன்னலுக்கு எதிரே தன் ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறார். ஷம்ஸியா மாமி தன் வீட்டு வாசலைப் பார்த்து நடந்தார். போகிறபோக்கில் என்னைப் பார்த்து, வெளிய வந்து நில்லுளா, அது என்னைக்கோ இறுகிப்போச்சு, நான் தள்ளுதேன், நீ இழு என்றார்.

இறங்கி ஓடினேன். உள்ளேயிருந்து சுத்தியலால் தாழ்ப்பாளைத் தட்டுகிற சத்தம் கேட்டது. சுண்ணாம்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. அவர் உள்ளேயிருந்து தள்ள, நான் வெளியேயிருந்து விரலைக் கொடுத்து இழுக்க, இடது கதவு ஒரு கத்துக் கத்திக்கொண்டு திறந்தது. அதைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு கொக்கியைத் தூக்கினேன். துருவோடு துருவாக ஒட்டிப்போயிருந்தது, லேசில் அசையவில்லை. நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போதே ஷம்ஸியா மாமி அவசரப்பட்டு வலது கதவையும் தள்ளிவிட்டார். அது திறந்து சுவரில் மோதியது. மோதிய வேகத்தில் அங்கே தொங்கிய கொக்கி ஒடிந்து என் காலடியில் விழுந்தது. பிடிக்க ஆளில்லாத கதவைக் காற்று அள்ளிக்கொண்டு வந்தது. ஷம்ஸியா மாமியின் விரல் கம்பிமேல் இருந்தது. நான் இடது கதவைப் பிடித்துக்கொண்டு கத்தத்தான் செய்தேன்.

கதவு வந்து அடிக்கவில்லை. பாதி வழியில் நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தேன். எங்கள் ஜன்னல் கம்பிக்கு வெளியே மாமியின் கை வந்திருந்தது. தோள் வரைக்கும் வந்திருந்தது. கன்னத்தைக் கம்பியில் அழுத்திக்கொண்டு, சந்தின் அகலம் முழுக்கக் கையை நீட்டி, எதிர் வீட்டுக் கதவின் ஓரத்தை இறுகப் பிடித்திருந்தார். ரவிக்கைக் கை மேலே ஏறிக்கிடந்தது. வளையல் கிடந்த இடத்தில் மட்டும் தோல் வெளுத்து இருந்தது.

என்ன செய்துவிட்டோம் என்று மாமிக்கு அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முகத்தில் அது ஓடியதைப் பார்த்தேன். இழுத்துக்கொள்வார் என்று நினைத்தேன். அந்த நேரம் சந்து முனையிலிருந்து எபி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் சுபுஹு தொழுதுவிட்டுத் திரும்புகிற ரெண்டு பேர். அந்தக் கை குறுக்கே இருந்தால் யாரும் போக முடியாது. எபி நின்றார். கையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

“வணக்கம்மா” என்றார்.

மாமி கையை எடுக்கவில்லை. எதிரே ஷம்ஸியா மாமி கம்பிக்கு வெளியே தன் கையை விட்டார். கதவைத்தான் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். கதவைப் பிடித்திருந்த மாமியின் மணிக்கட்டைப் பிடித்தார். எபி சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார். பின்னால் வந்தவர்கள் சுவரோரமாக ஒதுங்கி நின்றார்கள்.

நான் ஒரு கையால் கதவைப் பிடித்தபடி மறுகையால் செந்தூர்பாண்டி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் விடிகாலையிலேயே பஜாரில் ஒரு கடையில் வேலையாக இருந்தார். கொக்கி ஒடிந்துவிட்டது, உடனே வர வேண்டும் என்றேன். கையில் இருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு வரட்டுமா, ரொம்ப அவசரமா என்று கேட்டார். என்ன சொல்ல என்று மாமியைப் பார்த்தேன்.

“என்ன அவசரம்? பைய வரட்டும்ளா” என்றார் மாமி.